கந்தற்பொம்மையும் சிற்பமும்

சென்ற கோடை விடுமுறையில், பெருந்துறையிலுள்ள எங்கள் வீட்டிற்கு வெள்ளையடிக்கும் பொருட்டு அட்டாலியை ஒழித்தோம். பெருந்துறை என்றவுடன் நம் தமிழ் வகுப்பு நண்பர்கள் மாணிக்கவாசகரை நினைப்பர். அவர் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறை புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலாகும். எங்களூர் ஈரோடு மாவட்டத்தது. இங்கே குருந்தமரம் ஒன்றையும் யான் கண்டதில்லை. வேப்பமரங்களையும் சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகளையுமே கண்டிருக்கிறேன்.

அட்டாலியின் மூலையிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கிற்று. திறந்தோம். உள்ளே 17 துணிப்பொம்மைகள் இருந்தன. யானை ஐந்து, முயல் நான்கு, கிளி மூன்று, ஆடு மூன்று, இன்னதென்று துணிந்து கூறவொண்ணாத பிராணி இரண்டு. கிழிந்த துண்டும் பழம்பாவாடையும் வெட்டித் தைத்தவை. பனியன் கழிவை வயிற்றில் அடைத்தவை. சட்டைப் பொத்தான்களே கண்கள். ஓர் ஆட்டிற்கு ஒரு கண் வெள்ளை, மற்றொன்று கறுப்பு. ஒவ்வொன்றன் அடிவயிற்றிலும் சிவப்பு நூலால் ஓர் எழுத்துப் போன்ற கோலம் இருந்தது. அதனை அழகுக்காக இட்டதென்றே அன்று எண்ணினேன்.

“கந்தலுக்கு எதற்கு இத்தனை இடம்? எரித்துவிடலாம்” என்றார் மாமா. அவர் கொடியவரல்லர்; வீட்டில் இடம் குறைவு என்பதை அறிந்தவர். என் தாயார் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அம்மிச்சி திண்ணையிலிருந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். (கொங்கு நாட்டில் தாயைப் பெற்றவரை இவ்வாறே அழைப்போம்.) பொம்மைகளைத் தைத்தவர் அவரே, எனினும் அவரும் வாய் திறக்கவில்லை.

“எரிக்க வேண்டாம் மாமா. கல்லூரிக் கண்காட்சிக்கு இவற்றைக் கொண்டு ஒரு சிற்பம் செய்யப்போகிறேன்” என்றேன் யான். மாமா நகைத்தார். “சிற்பமா? கந்தலிலா?” என்றார். விடுதிக்குத் திரும்பி இச்செய்தியைச் சொன்னபோது நண்பர் இருவரும் அவ்வாறே நகைத்தனர். அந்நகைப்புக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்குமுன் என் கருத்தே ஒருவாறு மாறிற்று என்பதையும் மறைக்கப்போவதில்லை.

சிற்பம் என்றால் நம்மவர்க்கு நினைவு வருவன மாமல்லபுரத்துக் கல்லும், சோழநாட்டுச் செப்புத் திருமேனியுமாம். கடினமான பொருளில் செய்ததே நிலைக்கும். நிலைப்பதே பெருங்கருத்துக்குத் தகுந்த கொள்கலம் என்பது அவர்தம் கொள்கை. ஆனால் அச்செப்புத் திருமேனி முதலில் எதனில் உருப்பெறுகின்றது? மெழுகில் அன்றோ! ஸ்தபதி தம் விரலால் பிசைந்து உருவாக்குவது மெழுகையே. மண் பூசிச் சூடேற்ற மெழுகு உருகி ஓடுகின்றது; அது விட்ட இடத்தில் உலோகம் புகுகின்றது. நாம் கண்டு வியக்கும் நெளிவும் குழைவும் அம்மென்பொருளில் பிறந்தனவே. எங்கள் பக்கத்து ஊர்ப்புறக் கோயில்களில் நேர்ந்துகொண்டு வைக்கும் மண்ணுருவாரங்களை நோக்குங்கள். குதிரையும் மாடும் குழந்தையும் வெயிலில் வெடித்து மழையில் கரைந்து நிற்கும். அவை நிலைப்பதற்காகச் செய்தவை அல்ல. ஒரு வேண்டுதலைச் சுமப்பதற்காகச் செய்தவை. ஆதலின் மென்மையும் நிலையாமையும் சிற்பத்துக்குக் குற்றம் என்பது பொருந்தாது.

இனிக் கந்தற்பொம்மைக்கே வருவோம். இப்பொம்மைகளைக் கொண்டே பெரும்புகழ் பெற்ற சிற்பி ஒருவர் மேனாட்டில் இருந்தார். அவர் அமெரிக்காவில் டிட்ராயிட் நகரின் புறத்தே 1954-ஆம் ஆண்டில், உழைத்துண்ணும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த மைக் கெல்லி என்பார், 2012-இல் மறைந்தார். பழம்பொருட் கடைகளில் குவிந்து கிடந்த, கையால் தைத்தனவும் பின்னியனவுமான பொம்மைகளை அவர் வாங்கினார். கரடியும் குரங்கும் முயலும் பாவையுமாக அவற்றை, கம்பளியிற் பின்னிய போர்வைகளோடு, ஆளுயரத்தினும் பெரிய கித்தான் துணியின்மேல் இடைவெளியின்றி நெருக்கிப் பொருத்தினார். மூலைகளில் உலர்ந்த மக்காச்சோளக் கதிர்களையும் சேர்த்தார். தூரத்தே நின்று நோக்குவார்க்கு அது வண்ணங்கள் மோதிக் கொதிக்கும் ஓவியம் போலத் தோன்றும். அருகிற் சென்றால் ஒவ்வொரு பொம்மையும் பொத்தான் கண்ணால் நம்மை நோக்கும். இது 1987-ஆம் ஆண்டின் ஆக்கம். இன்று நியூயார்க்கிலுள்ள விட்னி கலைக்கூடத்தின் உடைமை.

அதற்கு அவர் இட்ட பெயரே என்னை முதலில் பற்றிற்று. ‘ஒருநாளும் திருப்பிச் செலுத்த முடியாத அளவினும் மிகுந்த அன்பின் மணிநேரங்கள்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். அதனருகே ஒரு சிறு மேடையில் பல நிற மெழுகுவத்திகள் உருகி வழிந்து நிற்கின்றன. அந்தத் துணைப்பகுதியின் பெயர் ‘பாவத்தின் சம்பளம்’. ஞாயிறு பள்ளியில் பயின்ற எவரும் இத்தொடரை அறிவர். பவுல் அடிகள் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. அவ்விடத்தில் அப்போஸ்தலர் சம்பளத்துக்கு எதிராக வைப்பது எதனை? வரத்தை, விலையின்றிக் கொடுக்கப்படுவதை. கெல்லி கூலி என்னும் சொல்லை ஒருபுறமும் அன்பளிப்பைக் குறிக்கும் பொம்மைகளை மறுபுறமும் நிறுத்தியது தற்செயல் என்று யான் கருதவில்லை.

அவர் கருத்து இனிமையானதன்று. ஒரு பாட்டி பேரனுக்குப் பொம்மை தைக்கின்றாள். அதற்கு விலை இல்லை. ஆனால் பல மணிநேரம் ஆயிற்று. அம்மணிநேரம் முழுவதும் அக்குழந்தையின்மேற் கடனாக ஏறுகின்றது. கடையில் வாங்கிய பண்டமாயின் விலை இன்னதென்று தெரியும். காசு கொடுத்தால் கணக்குத் தீரும். அன்பளிப்பின் கணக்கோ தொகை தெரியாதது, ஆதலின் தீராதது. குழந்தை நன்றியுடன் இருக்கவேண்டும், சொற்கேட்க வேண்டும், பொம்மையை விரும்பவும் வேண்டும். விரும்பாவிடின் குற்றவாளி ஆகின்றது. அத்தகைய பொம்மைகளெல்லாம் ஒருநாள் பழம்பொருட் கடையில் சில காசுக்குக் கிடக்கின்றன என்பதே, கடன் அடைபடவில்லை என்பதற்குச் சான்று.

இதைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஒப்புரவறிதலில் கைம்மாறு வேண்டாக் கடப்பாட்டைப் போற்றினார். இவரோ பாட்டியின் அன்பையும் வட்டிக்கணக்கு ஆக்கினாரே என்று நினைத்தேன். பின்னர் என்னையே நோக்கினேன். எனக்கு ஏழு வயதாகையில் அம்மிச்சி எனக்கும் ஒரு யானை தைத்துத் தந்தார். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கடையில் வாங்கிய, மயிர் பளபளக்கும் கரடி இருந்தது. என் யானைக்குத் தும்பிக்கை ஒருபுறம் கோணியிருந்தது. அதனை எவரும் காணாமல் கிணற்றில் எறிந்துவிட்டு, தொலைந்ததென்று பொய் சொன்னேன். அம்மிச்சி நம்பினாரா என்பது தெரியாது. வேறொன்று தைத்துத் தரவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன, கிணறு வற்றும் ஒவ்வொரு கோடையிலும் அடியில் அந்த யானை தென்படுமோ என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கெல்லி கூறிய கடன் எனக்குப் புதியதன்று.

அவர் வேறு வகையாலும் இப்பொம்மைகளைக் கையாண்டார். பொம்மைகளை நிறம் நிறமாகப் பிரித்து, உருண்டைகளாகத் தைத்து, கோளும் துணைக்கோளும் போலக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, சுவர்களில் நறுமணம் பீய்ச்சும் பெட்டிகளைப் பொருத்தினார். அண்டம் முழுவதையும் கந்தலால் கட்டி, அதன் அழுக்கு நாற்றத்தை மறைக்க வாசனையும் தெளித்தாற்போல! இன்னொரு செய்தியும் கூறத்தக்கது. பொம்மைகளின் கறையையும் கிழிசலையும் கண்ட பார்வையாளர் பலர், இச்சிற்பி சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர் போலும் என்று தாமே முடிவு கட்டினர். அவர் வியந்தார், மறுத்து உரைப்பதற்கு மாறாக அவ்வெண்ணத்தையே பொருளாகக் கொண்டார். தாம் பயின்ற பள்ளிகள் அனைத்தின் மாதிரிகளையும் இணைத்து, நினைவில்லாத அறைகளை வெறுமையாக விட்டு, 1995-இல் ஒரு பெரிய ஆக்கம் செய்தார். கந்தற்பொம்மை ஒன்றைக் கண்டவுடன் மாந்தர் மனம் எத்துணைத் தூரம் ஓடுகின்றது என்பதற்கு இது போதும். கருங்கற் சிலையைக் கண்டு எவரேனும் சிற்பியின் இளமையைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டோ?

இவையெல்லாம் மேனாட்டார் புதுமை, தமிழுக்கு அயல் என்பார்க்கு ஒன்று கூறுவேன். பெரும்பொருளை மென்பொம்மையில் ஏற்றிச் சொல்லும் முறை நம் சங்கப் புலவர் அறியாததன்று. நெய்தல் நிலத்துச் சிறுமியர் பசிய கோரையைக் கிழித்துப் பாவை செய்து ஆடினர்; அதற்குப் பைஞ்சாய்ப் பாவை என்று பெயர். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய வெள்ளாங்குருகுப் பத்தில் ஒரு சிறு பாட்டு உண்டு. கணவன் பரத்தையிடம் சென்றான். தலைவி அவனை ஏற்க மறுக்கின்றாள். தோழியோ, மகப்பெறுதற்குரிய காலம் கழிகின்றதே என்று நெருக்குகின்றாள். தலைவி விடையாகக் கூறுவது, தான் கோரைப்பாவை ஒன்றை ஈன்றிருப்பதாக! அவ்வளவே. பெறாத குழந்தையும், கழிந்த காலமும், கணவன்மேல் உள்ள வெறுப்பும், தன்மேலேயே கொண்ட இரக்கமும் ஒரு புல்பொம்மையின்மேல் ஏறியமர்கின்றன. 1903-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கள் இந்நூலை அச்சிட்டிராவிடின் இப்பொம்மை நம் கைக்கு எட்டியிராது. வகுப்பில் இப்பாட்டைப் படித்த அன்று அதனை உள்ளுறை என்றும் மெய்ப்பாடு என்றும் பிரித்துக் குறிப்பெழுதினேன், மதிப்பெண்ணும் பெற்றேன். தகரப்பெட்டியைக் கண்ட பின்னரே அது எனக்கு விளங்கிற்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவரும் பெருந்தெய்வத்தைச் சிற்றிலுக்கும் சிறுபறைக்கும் சிறுதேருக்கும் நடுவிலேயே அமர்த்தினர். நாமோ பொம்மை என்றவுடன் நகைக்கின்றோம்.

நம் நாட்டுச் சிற்பக்கலையிலும் இவ்வழி உண்டு. 1924-இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ் பேசும் குடும்பத்திற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்திற் சிறை புகுந்து, பின்னர்ச் சாந்திநிகேதனம் சென்றவர் கே. ஜி. சுப்பிரமணியன். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணியும் ஆற்றினார். அத்துணைப் பெரிய ஓவியர், பரோடாக் கலைக்கல்லூரி மாணவரும் ஆசிரியரும் நடத்திய கலைச்சந்தைக்காக மரத்துண்டும் தோலும் மணியும் கோத்து விலங்குப் பொம்மைகள் செய்தார். அதனைத் தமக்கு இழிவென்று நினைத்தாரில்லை. அவரிடம் பயின்ற மிருணாளினி முகர்ஜி சணற்கயிற்றை எடுத்துக்கொண்டார். வரைபடமின்றி முடிச்சின்மேல் முடிச்சாகக் கையாலேயே இட்டு, மனிதரினும் உயர்ந்த உருவங்களை எழுப்பினார். ‘ருத்ரா’, ‘தேவி’, ‘வனஸ்ரீ’ என்று பெயரும் இட்டார். பூச்சட்டி தொங்கவிடும் உறி பின்னுவதற்கே உரியதென்று எண்ணப்பட்ட முடிச்சு, அவர் கையில் காடாகவும் தெய்வமாகவும் எழுந்தது. தம் வாழ்நாட் படைப்புகளின் கண்காட்சி டெல்லியில் திறக்கப்பட்ட சில நாட்களில், 2015-இல் அவர் இறந்தார். நியூயார்க் நகரம் அவர் ஆக்கங்களைத் திரட்டிக் காட்டியது 2019-இல்தான்.

கயிறும் துணியும் கொண்டு பெருஞ்சிற்பம் செய்தற்கு எங்கள் கொங்கு நாட்டினும் தகுதியான நிலம் எது? சென்னிமலையிற் படுக்கை விரிப்பு, பவானியில் ஜமக்காளம், திருப்பூரிற் பனியன். இங்கே ஒவ்வொரு தையலுக்கும் விலை உண்டு. பீஸ்ரேட் என்னும் சொல்லை எங்களூர்க் குழந்தைகளும் அறிவர். கை தைத்தால் இவ்வளவு, கழுத்துப்பட்டி வைத்தால் இவ்வளவு. சனிக்கிழமை மாலை கையிற் காசு. கூலி குறைவென்று சண்டையிடலாம், சங்கம் வைக்கலாம். ஏனெனில் அது கணக்கில் உள்ளது. ஆனால் பகலெல்லாம் பீஸ்ரேட்டுக்குத் தைத்த பெண், இரவில் அதே விரலால் தன் குழந்தைக்கு ஒரு முயல் தைக்கின்றாளே, அது எந்தக் கணக்கில்? கூலியைக் கொடைபோலக் காட்டிய ஏற்பாடும் எங்கள் பக்கம் இருந்தது. இளம்பெண்கள் நூற்பாலை விடுதிகளில் சில ஆண்டுகள் அடைபட்டு உழைத்து, முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை பெறுவர். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்ற மங்கலப் பெயரும் இட்டிருந்தனர். அதன்மேற் கண்டனங்கள் பல எழுந்தன. கூலி எது, கொடை எது, எது கடன் என்ற கேள்வி டிட்ராயிட்டுக்காரருக்கு மட்டும் உரியதன்று.

இவ்வாறெல்லாம் எண்ணித் துணிந்து, பெட்டியிலுள்ள 17 பொம்மைகளையும் ஒரு சென்னிமலை விரிப்பின்மேல் நெருக்கிப் பதித்து, ஒவ்வொன்றன் கீழும் அது தைக்க ஆன மணிநேரத்தையும் அதற்குரிய இன்றைய கூலியையும் எழுதி மாட்டுவதென்று திட்டமிட்டேன். நல்ல திட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். மணிநேரம் தெரியவேண்டுமே! அடுத்த விடுமுறையில் அம்மிச்சியிடம் சென்று, ஒரு பொம்மைக்கு எத்தனை மணிநேரம் ஆயிற்று என்று கேட்டேன்.

“மணியா? அதெல்லாம் யார் பார்த்தது, கண்ணு? அரிசி வேகும் மட்டும் தைப்பேன். குழாயில் தண்ணீர் வரும் மட்டும் தைப்பேன்” என்றார்.

என் கணக்கு அங்கேயே உடைந்தது. அவரிடம் மணிநேரம் என்ற ஒன்று இருந்ததேயில்லை. வேறு வேலைகளின் இடுக்குகளில் கிடைத்த துணுக்குப் பொழுதுகளே இருந்தன. யாருக்காகத் தைத்தீர்கள் என்று கேட்டேன். அப்பொழுதுதான் அவர் சொன்னார். என் தாயாரும் மாமாவும் உடனிருந்து கேட்டனர்.

அம்மிச்சி 1970-களில் எங்களூர்க் காசநோய் மருத்துவமனையில் ஆயாவாக இருந்தவர். இன்று மருத்துவக் கல்லூரியாக விளங்கும் இடம் அது. நெடுநாட் படுக்கையில் இருந்த தாய்மார் தம் குழந்தைகளை அருகில் வைத்துக்கொள்ளல் ஆகாது. பார்க்க வரும் நாளில் குழந்தை தூரத்தே, மரத்தடியில் தகப்பனோடு நிற்கும். தாய் சன்னலிலிருந்து கையசைப்பாள். தன் கையால் எதையும் தந்தனுப்பவும் இயலாது. ஆதலின் ஒருத்தி அம்மிச்சியிடம், தன் பிள்ளைக்கு யானை பிடிக்கும் என்றாள். அம்மிச்சி வீட்டில் ஒரு யானை தைத்து, மரத்தடிக்கே கொண்டுசென்று, “உங்க அம்மா கொடுக்கச் சொன்னாங்க” என்று தந்தார். மறுவாரம் இன்னொருத்தி கிளி வேண்டுமென்றாள். அவ்வாறே வழக்கமாயிற்று. எந்தப் பிராணி என்பதைத் தாய் சொல்லவேண்டும், தைப்பது அம்மிச்சி. மாறிப்போகாதிருக்க அடிவயிற்றில் குழந்தையின் முதலெழுத்தை நூலால் இடுவார். இன்னதென்று தெரியாத பிராணிகள் இரண்டு என்றேனே. அவற்றுள் ஒன்று காட்டெருமையாம். அதைக் கேட்ட தாய் மலைப்பக்கத்தவள். அம்மிச்சி காட்டெருமையைக் கண்டதில்லை.

“அப்படியானால் இவை ஏன் பெட்டியில் இருக்கின்றன?” என்றேன்.

“இதெல்லாம் வாங்க வராதவங்களுடையது” என்றார். சிலருக்கு ஊர் தூரம். சிலருக்கு, வந்து பார்ப்பதற்கு ஆள் உள்ளே இல்லாது போயிற்று. தேதி தள்ளிப்போனாலும் ஒருநாள் வருவர் என்று வைத்திருந்தார். பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பெட்டி அட்டாலிக்கு ஏறிற்று.

மாமா எழுந்து வெளியே போனார். சிறிது நேரங்கழித்து வந்து, பனியன் கழிவைப் பிரித்துக் கொடுத்தது தாம்தான் என்றும், அவை எங்கே போயின என்று தாம் கேட்டதேயில்லை என்றும் கூறினார். அதன்பின் எரிப்பதைப் பற்றிய பேச்சில்லை.

என் கருத்து மாறியது இவ்விடத்தில். கெல்லி கடையில் வாங்கிய பொம்மைகளைத் தைத்தவர் இன்னாரென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியுமில்லை. ஆனால் கலைக்கூடத்துச் சுவர்க்குறிப்பில் ஒரு பெயரே உள்ளது, அது அவருடையது. திருப்பிச் செலுத்த முடியாத கடன் என்று பாட்டிமாரை நோக்கிக் கூறிய சிற்பி, அப்பாட்டிமாரின் மணிநேரங்களைத் தாமும் கடனாகவே எடுத்துக்கொண்டார். இதனால் அவர் ஆக்கம் சிறியதாகிவிடாது. எனக்கு இன்னும் அது பெரிதே. எனினும் அக்கடனை அவர் தம் கணக்கில் எழுதினாரா என்று கேட்கத் தோன்றுகிறது. பாரிஸில் 1911-இல் பிறந்த லூயி பூர்ஷ்வா என்னும் சிற்பி, முதுமையில் தம் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தைத்து உருவங்கள் செய்தார்; அவர் தாய் பழந்திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவர். தன் துணியை வெட்டுபவர்க்கு ஒரு வகை உரிமை உண்டு. பிறர் தைத்ததை எடுப்பவர்க்கு வேறு வகைக் கடமை உண்டு.

அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து அழுதுகொண்டே அவள் செய்த வஸ்திரங்களைக் காட்டுகின்றனர். யான் அறிந்த மட்டில் உலகத்தின் மிகப் பழைய துணிக் கண்காட்சி அதுவே. அங்கே மேடையில்லை, சுவர்க்குறிப்பில்லை. தைத்தவள் பெயரைக் கூறிக்கொண்டே உடுத்தவர்கள் காட்டுகின்றனர். அந்த முறையிற் காட்டினால் கந்தலில் எத்துணைப் பெரிய கருத்தையும் ஏற்றலாம் என்பதே என் துணிபு. பெயரை நீக்கிவிட்டு, நிறத்துக்கும் வடிவத்துக்கும் மட்டும் அவற்றைப் பயன்படுத்துவேனாயின், கிணற்றில் எறிந்ததை இரண்டாம் முறையும் எறிந்தவன் ஆவேன்.

ஆயின் குழந்தைகளின் எழுத்துகளைப் பலரறியக் காட்டலாமா? இன்று அவர்கள் ஐம்பது வயது கடந்தவர்கள். எவரேனும் கண்காட்சிக்கு வந்து தம் எழுத்தைக் காணவும் கூடும். இதை அம்மிச்சியிடமே விட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். எழுத்து உள்ள பக்கம் உள்ளே இருக்கட்டும். கேட்டு வருபவருக்கு மட்டும் திருப்பிக் காட்டு என்றார். ஆதலின் அவ்வெழுத்துகளை ஈண்டும் எழுதேன். காட்டெருமையை மட்டும் தர மறுத்துவிட்டார். காரணம் கேட்கவில்லை. ஆகவே சிற்பத்தில் 16 பொம்மைகளே இருக்கும். ஓரிடம் வெறுமையாக விடப்படும். கூலிக் கணக்கு எழுதும் எண்ணத்தை விட்டேன். ஒவ்வொன்றன் கீழும் அவர் சொன்ன அளவையே எழுதுவேன்: ஓர் உலை அரிசி வேகும் பொழுது, இரண்டு உலை வேகும் பொழுது என்று. தைத்தவர் பெயர் முதலிலும், தைக்கச் சொன்ன தாய்மார் என்பது அடுத்தும் வரும். என் பெயர் வேண்டுமா என்பதை ஆசிரியர்கள் முடிவு செய்யட்டும்.

“விரிப்பின்மேல் எப்படி வைப்பாய்? ஆணி அடிப்பாயா?” என்று கேட்டார் அம்மிச்சி.

“இல்லை அம்மிச்சி, தைப்பேன்.”

“தைக்கத் தெரியுமா?”

தெரியாது என்றேன். கீரைத்தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். இதனை எழுதும் இன்று, நான்கு பொம்மைகள் விரிப்பில் ஏறியிருக்கின்றன. ஐந்தாவது கிளி. தையல் கோணல் என்று அம்மிச்சி கூறிவிட்டபடியால், அதனைப் பிரித்துத் திரும்பவும் தைக்கவேண்டும்.